ஒன்பதாம் வறட்சியும் நவரத்தினத்தின் மைக்கும்

நவரத்தினத்திடமிருந்து கோயில் மைக்கைப் பறித்து ஒரு வருசம் ஆகியிருந்தது. பறித்தது என்பது அவருடைய சொல். நடந்தது என்னவென்றால், நிர்வாக சபைக் கூட்டத்தில் வாக்கெடுத்து, நன்றியுரை வாசித்து, ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். தட்டில் எதை வைத்தால் என்ன, போனது மைக் அல்லவா? அன்றைக்கு பாபகூரா என்ற புறநகரில் இருந்த தன் வீட்டுக்கு வந்தவர் வேட்டியைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து, “அந்த மைக் திரும்ப என்ர கைக்கு வராமல் நான் கோயில் வாசல் மிதிக்க மாட்டன்” என்று மனைவி கௌரியிடம் சபதம் செய்தார். “முருகனுக்கும் கொஞ்சம் காது ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு கௌரி சமையலறைக்குப் போனார்.

கோயில் மைக் என்றால் லேசுப்பட்ட காரியமா! மந்திரம் ஐயருக்கு, மேளம் மேளக்காரருக்கு, மற்றதெல்லாம் நவரத்தினத்துக்கு. அன்னதான வரிசை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, இன்றைய பூசை யாருடைய உபயம், தொலைந்துபோன பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது, யாருடைய கார் வழியை மறித்து நிற்கிறது, எல்லாம் அவர் வாயால்தான் வரவேண்டும். அதுவும் சும்மா வராது. “மெய்யடியார்களே!” என்று அடித்தொண்டையில் எடுத்து, ஒரு இழுவை இழுத்து, சொல்லுக்குச் சொல் மாலை போட்டுத்தான் வெளியே விடுவார். பிள்ளையைத் தொலைத்த தாய் அந்த அறிவிப்பு முடிவதற்குள் தானே தேடிப் பிடித்துவிடுவாள்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. மைக்கை விரலால் தட்டுவார். “ஹலோ… ஹலோ… கேக்குதோ? பின்னால நிக்கிறாக்களுக்குக் கேக்குதோ?” என்பார். பின்னால், சனம் செருப்புக் கழற்றிவைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், ஆனந்தராசா நிற்பான். சத்தம் அங்கே வந்து சேர்ந்தால் அவன் வலது கையைத் தூக்கவேண்டும். அதுதான் ஏற்பாடு. வருசக்கணக்காக அந்த ஏற்பாட்டில்தான் திருவிழாக்கள் நடந்தன. ஆனால் கேள்வியின் கடைசிச் சொல் வாயை விட்டுப் போகுமுன்பே நவரத்தினம் “மெய்யடியார்களே!” என்று தொடங்கிவிடுவார்.

இதைத்தான் அந்த நன்றி கெட்டவன் கூட்டத்தில் எழும்பிச் சொன்னான். “நான் அங்க செருப்புத் தட்டடியில கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். அண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. கேக்கேல்லை எண்டு ரெண்டு கையையும் ஆட்டினாலும் பார்க்கமாட்டார். பின்னுக்கு நிக்கிற சனத்துக்கு அரைவாசி நாள் ஒண்டும் விளங்கிறேல்லை.” இதைக் கேட்டுச் சபை தலையாட்டியது. வாக்கெடுப்பு நடந்தது. மைக் ஆனந்தராசாவிடம் போனது. அவன் என்ன கிழித்தான்? “சாப்பாடு ரெடி. வாங்கோ” என்று மூன்று சொல்லில் அறிவிப்பை முடிக்கிறானாம். சனத்துக்கு அது பிடித்தும் போய்விட்டதாம். சாப்பாட்டுக்குப் பறக்கிற சனத்துக்கு வேறு எது பிடிக்கும் என்று நவரத்தினம் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

இப்படி ஒரு வருசம் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த மனிதரைத் தேடித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ராக் சங்கீதம் வந்தது.

அவருடைய ஒரே மகள் லோஜனா ஒலிப்பதிவு படித்தவள். மருத்துவம் படி என்று சொல்ல, சத்தம் படித்தாள் என்பது அப்பாவின் பழைய மனக்குறை. விரி என்கிற தொழிற்சாலை வட்டாரத்தில், முன்பு மீன் பெட்டிகள் அடுக்கிவைத்த குளிர்க்கிடங்கு ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து ஒரு ஆஸ்திரேலியக் குழு தன் இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. லோஜனா அங்கே உதவி ஒலிப்பதிவாளராகச் சேர்ந்திருந்தாள். குழுவின் பெயர் நைன்த் ட்ராட், அதாவது ஒன்பதாம் வறட்சி. “மற்ற எட்டையும் ஆர் கண்டது?” என்று நவரத்தினம் கேட்டார்.

பிரிஸ்பேன் மதுக்கடைகளில் வாசித்துப் பழகிய பயல்கள். முதல் ஆல்பத்தில் நாலு நிமிசப் பாட்டுகளாகப் போட்டு, கையில் பியர் போத்தலோடு நிற்பவன் தலையாட்டத் தோதாக அடித்துத் தள்ளினார்கள். அது நன்றாக ஓடியது. ஓடியதுதான் கேடு. பாடுகிறவனும் கிட்டார்காரனும் தலைவனுமான டெர்மட்டுக்கு ஞானம் பிறந்துவிட்டது. இனிமேல் பாட்டு இல்லை, காவியம்தான். ஒரு நதி வற்றிச் செத்து, பூமிக்கடியில் அலைந்து, கடைசியில் வானத்தில் ஏறி மனிதரோடு பேசுகிறதாம். ஏழு பாகம். தாளம் ஏழில் தொடங்கும், பதினொன்றுக்குத் தாவும், பிறகு எண்ணுகிறவனை நடுத்தெருவில் விட்டுவிட்டுத் தன்பாட்டில் போகும். மூன்று டிரம் செட்டு, ஒரு சர்ச் ஆர்கன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோரஸ், தகரக் கூரையில் சங்கிலியால் அடித்த சத்தம். இவ்வளவுக்கும் ஏற்ற எதிரொலி பிரிஸ்பேனில் கிடைக்கவில்லை, விரியின் மீன் கிடங்கில் இருக்கிறது என்று யாரோ சொல்ல, கடல் தாண்டி வந்து இறங்கியிருந்தார்கள்.

நவரத்தினம் விரியில்தான் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வட்டாரத்தின் எதிரொலியை அவர் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருக்கிறார். “நான் எண்ணெய்ப் பெட்டி ஏத்தி இறக்கின இடத்தில இவன் நதி தேடுறானாம். கண்டறியாத நதி!”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோஜனா சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள். “அப்பா, டெர்மட்டுக்கு உங்கட வொய்ஸ் வேணுமாம்.”

“என்ர குரலோ? அவனுக்கு என்னண்டு என்ர குரல் தெரியும்?”

“ஸ்பீக்கர் செக் பண்ணுறதுக்கு என்ர போன்ல இருந்த ஒரு கிளிப் போட்டனான். தேர் அண்டைக்கு அம்மா எடுத்தது. நீங்க அனௌன்ஸ் பண்ணுறீங்க. அவன் அடுத்த ரூம்ல இருந்து ஓடி வந்திட்டான். அழுறான் அப்பா, உண்மையா. இதுதான் நதியிட குரல் எண்டு சொல்லுறான்.”

நவரத்தினம் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். “எந்த அறிவிப்பு?”

லோஜனா தன் கோப்பையைப் பார்த்தாள். “வெள்ளை டொயோட்டா.”

கறிச்சட்டியோடு வந்த கௌரி சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். சட்டி ஆடியது. அந்த அறிவிப்பு அவருக்கு மனப்பாடம். மெய்யடியார்களே, எம்பெருமான் தேரேறி வரும் திருவீதியில் வெள்ளை நிற டொயோட்டா ஒன்று தடையாக நிறுத்தப்பட்டுள்ளது, அதன் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடன் வந்து அகற்றி இறையருள் பெறுக. இதை நவரத்தினம் அன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் பார்த்தால் கார் ஐயருடையது.

“அது என்னெண்டு அவனுக்குச் சொன்னனியோ?”

“அவன் கேக்கேல்லையே. ஏதோ ஏன்ஷியன்ட் பிரேயர் எண்டு தானே முடிவெடுத்திட்டான். ஏழாம் பாகம் முழுக்க அதுக்கு மேலதான் எழுதுறான். கிளிப்ல மேளச் சத்தமும் குழந்தைப்பிள்ளை அழுறதும் கிடக்கு. அதால நீங்க வந்து கிளீனாச் சொல்லோணுமாம். அவனுக்கு மீனிங் தேவையில்லை அப்பா, சவுண்ட்தான்.”

“விசரன்! ஆயிரம் வருசத்துப் பிரார்த்தனைக்கும் கார் எடுக்கச் சொல்றதுக்கும் வித்தியாசம் தெரியாத பேயன். இதில காவியம் வேற!” என்று சிரித்த நவரத்தினம் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். “இது எவ்வளவு பேருக்குக் கேக்கும்?”

“முதல் ஆல்பத்தை மில்லியன் கணக்கில கேட்டவை.”

நவரத்தினம் திரும்பவும் சோற்றைப் பிசைந்தார். குனிந்து சாப்பிட்டார். ஆனால் உள்ளுக்குள் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. கோயில் மைக் எவ்வளவு தூரம் கேட்கும்? கத்திச் சொன்னாலும் கார்கள் நிற்கிற இடத்தைத் தாண்டாது. இந்த மடையனின் மைக் உலகம் முழுக்கக் கேட்கும். அங்கே அவர் என்ன சொன்னாலும் அது அவனுக்குப் பிரார்த்தனைதான். அவனுக்கு வெள்ளை டொயோட்டாவும் ஒன்றுதான், ஆனந்தராசாவும் ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் தன்னைப் பேசவிடாமல் வாக்கெடுத்தார்களே, அன்றைக்குப் பேசாமல் போனதை அங்கே பேசினால் என்ன? ஒரு வருசமாகத் தொண்டையில் கட்டிக்கொண்டு கிடந்ததை ஆஸ்திரேலியாக்காரன் செலவில் இறக்கிவைக்கலாம். பாயசம் வேண்டுமா என்று கௌரி கேட்டது அவர் காதில் விழவில்லை.

பதிவு நாளில் அவர் பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு போனார். கிடங்கின் வாசலில் டெர்மட் வெறுங்காலோடு நின்று கைகூப்பினான். தாடி நெஞ்சுவரை கிடந்தது. எங்கேயோ ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார்கள். மீன் வாடையும் ஊதுபத்தி வாடையும் சேர்ந்து அடித்தன. டெர்மட், தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்றும், அவருடைய குரலில் ஒரு கண்டத்தின் தாகத்தைக் கேட்டதாகவும் ஆங்கிலத்தில் சொன்னான். “யெஸ், யெஸ். தாகம்” என்றார் நவரத்தினம். கோதாரி, தேத்தண்ணி தருவான் என்று பார்த்தால் அதையும் காணவில்லை.

பிறகு அவரைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனார்கள். நடுவில் மைக் தொங்கியது. கோயில் மைக் மாதிரி கையில் பிடிக்கிற சாமானில்லை. உருண்டு திரண்டு, கறுப்பு வலைத்துணி மறைத்து, கம்பியில் சாமி மாதிரித் தொங்கியது. லோஜனா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு அவர் உள்ளே வந்தபோதே எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

சொன்னால் வெட்கம், மைக்கைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. ஒரு வருசம்! பழக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். “அப்பா, தட்டாதேங்கோ!” என்று மகள் காதுக்குள் கத்தினாள். குரல் இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியவில்லை.

“ஹலோ… ஹலோ…” என்றார். “கேக்குதோ?” தன் குரல் தன் காதுக்குள்ளேயே வந்து விழுந்தது. இவ்வளவு சின்னக் குரலா? “பின்னால நிக்கிறாக்களுக்குக் கேக்குதோ?”

பின்னால் யார் நிற்கிறார்கள்? பின்னால் சுவர். கண்ணாடிக்கு அப்பால் டெர்மட் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அவர் இன்னொருமுறை, இன்னும் மெதுவாக, “கேக்குதோ?” என்றார்.

பிறகு செருமிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். அடித்தொண்டையில் எடுத்தார். “மெய்யடியார்களே!”

ஆகா, அது பேச்சு! “ஆனந்தராசா என்ற பெயருடைய ஒரு நன்றி கெட்டவனின் கதையைக் கேளுங்கள்” என்று தொடங்கினார். செருப்புத் தட்டடியில் நின்றவனை நாலு பேருக்குத் தெரியும்படி செய்தது யார் என்று கேட்டார். சோற்றுக்குத் தலையாட்டும் நிர்வாக சபை என்றார். தலைவர் சதாசிவத்துக்குத் தேவாரம் ஒன்று முழுதாகத் தெரியுமா என்று சவால் விட்டார். மூன்று சொல்லில் அறிவிப்பு முடிக்கிற கோயிலுக்கு எதற்கடா கோபுரம் என்றார். “அப்பா, வேண்டாம், பிளீஸ்” என்று லோஜனா காதுக்குள் கெஞ்சினாள். டெர்மட் அவள் தோளில் கைவைத்து அடக்கினான். நவரத்தினம் ஓயவில்லை. கடைசியில் முருகனையே சாட்சிக்கு அழைத்து, ஆனந்தராசாவின் நாக்கு அந்த மைக்கிலேயே ஒட்டிக்கொள்ளக் கடவது என்று சாபம் போட்டு முடித்தபோது சால்வை நழுவி நிலத்தில் கிடந்தது.

டெர்மட் உள்ளே ஓடிவந்து கட்டிப்பிடித்தான். தாடியெல்லாம் கண்ணீர். நதியைக் கண்ணால் கண்டேன் என்றான். “யெஸ், யெஸ். ரிவர்” என்று நவரத்தினம் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு நன்றாகப் பசித்தது.

ஆல்பம் வெளிவரச் சில மாதம் பிடித்தது. அதன் பெயர் அட்டையின் முன்பக்கத்தில் இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிருந்தது. பட்ட மரம் ஒன்றின் உச்சியில் ஒரு முட்டை இருக்கிற படம். விமர்சகர்கள் துணிச்சல் என்று எழுதினார்கள். முதல் ஆல்பத்துக்குத் தலையாட்டியவர்கள் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். நவரத்தினத்துக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? அவர் நிர்வாக சபை முழுவதையும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். என்ர குரல் ஆஸ்திரேலிய ஆல்பத்தில் வந்திருக்கு, எல்லாரும் வந்து கேக்கோணும் என்று தொலைபேசியில் தேனொழுகச் சொன்னார். ஆனந்தராசாவுக்கு இரண்டு தரம் எடுத்தார்.

முன்கூட்டி அவர் அதைக் கேட்கவில்லை. அந்த இரைச்சலை ஒருமுறை சகிப்பதே பெரிது. தவிர, முதன்முதலாகக் கேட்கும்போது ஆனந்தராசாவின் முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும் என்று ஆசை.

அன்று காலை லோஜனா ஸ்பீக்கரைப் பொருத்திக்கொண்டே, “அப்பா, முதல்ல நீங்க தனியா ஒருக்காக் கேளுங்கோ. டெர்மட் என்ன எடுத்தவன் எண்டு…” என்று தொடங்கினாள்.

“நான் சொன்னது எனக்குத் தெரியாதோ?”

“அதில்லை அப்பா, அவன்—”

“நீ ஸ்பீக்கரைப் பார், பிள்ளை.”

“அந்தப் பிள்ளை சொல்றதை ஒருக்காக் கேட்டால் என்னவாம்?” என்று கௌரி வடைமாவோடு நின்றபடி சொன்னார். அதற்குள் வாசலில் மணி அடித்தது.

ஆட்கள் வந்து நிறைந்தார்கள். சென்னைக்காரரான தலைவர் சதாசிவம் முன் சோபாவில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் அடுக்கடுக்காக இருந்தார்கள். ஆனந்தராசா கடைசியாக வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள்ளிருந்து சரிகை எட்டிப் பார்த்தது. “அண்ணைக்கு ஒரு பொன்னாடை” என்று கூச்சத்தோடு சொன்னான். “கடைசியில போடுவம்.”

பொன்னாடை! தனக்கு விழப்போகிற செருப்படிக்குத் தானே பட்டுச் சுற்றிக்கொண்டு வந்து நிற்கிறான், மொக்கன். “முன்னால வாரும், முன்னால இரும்” என்று நவரத்தினம் அன்பாகக் கூப்பிட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டு, வழக்கம்போல் வாசலடியில், கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தான்.

ஏழாம் பாகத்தை லோஜனா போட்டாள். இருபது நிமிசத்துக்கு மேல் போகிற சாமான். முதலில் ஆர்கன் முனகியது. பிறகு ஒரு கிட்டார் எங்கேயோ தூரத்தில் வழி தவறி அழுதது. பிறகு மூன்று டிரம்களும் மூன்று பக்கமாக ஓடின. தகரக் கூரைச் சங்கிலி வந்தபோது ஒரு அம்மா காதைப் பொத்தினார். டெர்மட் பாடினானா, கத்தினானா என்று சொல்லமுடியாது. சதாசிவம் மட்டும் தலைவர் என்ற மரியாதைக்காகத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். தாளம் அவரை இரண்டு தரம் ஏமாற்றியதும் கையை எடுத்துவிட்டார். “ரொம்ப நல்லா இருக்குங்க சார்” என்றார். “இது எப்போ முடியும்?”

“பொறுங்கோ, பொறுங்கோ” என்றார் நவரத்தினம். அவர் முகத்தில் வெற்றி பூத்துக் கிடந்தது.

எல்லா வாத்தியமும் திடீரென்று நின்றது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் கேட்டது. பிறகு ஸ்பீக்கரில் இரண்டு தட்டு விழுந்தது.

“ஹலோ… ஹலோ… கேக்குதோ?”

கொல்லென்று சிரித்தார்கள். நவரத்தினமும் சிரித்தார். சரி, பயல் இதையும் வெட்டாமல் விட்டிருக்கிறான், இனி வரும் பாருங்கள் என்று முன்னால் சாய்ந்தார்.

“பின்னால நிக்கிறாக்களுக்குக் கேக்குதோ?”

மெய்யடியார்களே வரவில்லை. ஆர்கன் வந்தது. பிறகு திரும்பவும், “கேக்குதோ? பின்னால நிக்கிறாக்களுக்குக் கேக்குதோ?” அதன் அடியில் ஒரு கிட்டார் மெல்ல எழும்பியது. திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோரஸ் அதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்கார நாக்கில், “கெக்குதோ, கெக்குதோ” என்று பாடத் தொடங்கியது. ஆனந்தராசா எங்கே? நன்றி கெட்டவன் எங்கே? சாபம் எங்கே? அவ்வளவு பேச்சையும் அந்தத் தாடிக்காரன் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறான். குரல் இருக்கிறதா என்றே தெரியாமல், அழுகையை விழுங்கிக்கொண்டு கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக் காவியத்தின் உச்சியில் வைத்திருக்கிறான்.

நவரத்தினத்துக்கு உடம்பு கூசியது. அந்தக் குரலை அவருக்கே பிடிக்கவில்லை. கெஞ்சுகிற குரல். அறிவிப்பாளர் நவரத்தினம் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிறதா என்று அவர் கேட்பது ஒரு சடங்கு, பதிலுக்காகவா கேட்பார்? ஸ்பீக்கருக்குள் இருக்கிறவனோ உண்மையாகவே கேட்கிறான். யாராவது ஆம் என்று சொல்லுங்களேன் என்று கேட்கிறான். உலகம் முழுக்க இதைத்தான் கேட்கப்போகிறது. மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சபை சிரிப்பை நிறுத்திவிட்டது. இனி என்ன, ஆனந்தராசா சிரித்துக்கொண்டிருப்பான். செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருப்பான். அதையும் பார்த்துவிடுவோம் என்று கோபத்தோடு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

ஆனந்தராசா சிரிக்கவில்லை. பொன்னாடைப் பை மடியில் கிடந்தது. வலது கையை நேரே தூக்கிக்கொண்டிருந்தான்.

நக்கலுக்கு இல்லை. அவன் நவரத்தினத்தைப் பார்க்கவே இல்லை. கண் ஸ்பீக்கரில் இருந்தது. கேள்வி வந்தது, கை தானாக எழும்பியிருந்தது. வருசக்கணக்காக அந்தக் கை அங்கே அப்படித்தான் நின்றிருக்கும். பாட்டு திரும்பத் திரும்பக் கேட்டதால் அவனும் கையை இறக்காமல் வைத்திருந்தான். கேட்கிறது அண்ணை, கேட்கிறது என்று சொல்கிற கை. அதை நவரத்தினம் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தார்.

வாய்க்கு வந்த வசை எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“காணும், ஆனந்தராசா” என்றார். “கண்டிட்டன். கையை இறக்கும்.”

மூன்று டிரம்களும் அந்த நேரம் பார்த்து ஒன்றாகச் சேர்ந்து இடித்தன. ஆர்கன் அலறியது. பிள்ளைகள் கோரஸ் கூரையைத் தூக்கியது. ஆனந்தராசாவுக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. தூக்கிய கை தூக்கியபடி இருக்க, மற்றக் கையைக் காதடியில் குவித்தான்.

“என்ன அண்ணை?” என்று கத்தினான். “இஞ்ச கேக்கேல்லை!”

சபை நவரத்தினத்தைப் பார்த்தது. அடித்தொண்டையில் எடுத்து ஒரு குரல் கொடுத்தால் அந்த இரைச்சலையும் தாண்டி வாசல்வரை போயிருக்கும். அது அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

அவர் எழும்பினார். சதாசிவத்தின் காலைத் தாண்டி, பிளாஸ்டிக் கதிரைகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி, வழிவிடச் சொல்லி, பின்னால் நடந்து போனார்.